அமெரிக்காவில் ஐஸ் பிடித்துவிட்டால்: வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. குடியேற்ற வழக்கு நடத்தும் வக்கீல்களுக்குப் போனில் தமிழ் மொழிபெயர்ப்பு செய்கிறவன். எப்படியோ என் நம்பர் நாலு பேர் கைக்குப் போய்விட்டது. அண்ணனைப் பிடித்துவிட்டார்கள், மச்சானைக் காணோம் என்று வரும் அழைப்புகளில் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன, அதனால் எழுதி வைக்கிறேன். ஐஸ் என்பது குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறை. 2025க்குப் பிறகு இந்த விஷயத்தில் விதிகள் மாதத்துக்கு ஒரு தடவை மாறுகின்றன, ஆகவே இதைப் படித்துவிட்டு வக்கீலிடம் பேசுங்கள், வக்கீலுக்குப் பதிலாகப் படிக்காதீர்கள்.

"என்னைப் பிடிச்சிட்டாங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போன் கட் ஆகிவிட்டது. முதலில் என்ன செய்வது?

ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. ஐஸ் தளத்திலேயே கைதிகளைத் தேடும் பக்கம் ஒன்று இருக்கிறது. ஏ நம்பர் என்று ஒரு எண், குடியேற்றத் துறை ஒவ்வொருவருக்கும் கொடுப்பது, 8 அல்லது 9 இலக்கம். அதுவும் பிறந்த நாடும் இருந்தால் சட்டென்று கிடைத்துவிடும். பழைய மனுக்கள், வேலை அனுமதி அட்டை, நீதிமன்றக் கடிதம் எதிலாவது அந்த எண் இருக்கும், வீட்டில் தேடுங்கள்.

எண் இல்லையென்றால் பெயரை வைத்துத் தேட வேண்டும், நம் ஆட்களுக்குத் தலைவலி இங்கேதான். அந்தப் பக்கம் எழுத்துப் பிசகாமல் அதே பெயரைக் கேட்கும். நமக்கோ இன்ஷியல், அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் வெறும் கோடு. இப்படி ஒரே பெயர் உள்ளவர்களுக்கு அமெரிக்க ஆவணங்களில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று போட்டுவிடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. ஒரு தம்பியை அவர் அக்கா இரண்டு நாள் தேடினார், அப்பா பெயர் முன்னால், பின்னால், டி, டிஹெச் என்று எல்லாம் போட்டுப் பார்த்தார். கடைசியில் முதல் பெயர் 'எஃப்என்யு' என்று அடித்ததும் வந்துவிட்டது.

இன்னொன்று, அது கேட்பது பிறந்த நாடு, குடியுரிமை நாடு இல்லை. மண்டபம் முகாமில் பிறந்த இலங்கைத் தமிழருக்கு அங்கே இந்தியா என்று தேட வேண்டியிருக்கும். 18 வயதுக்குக் கீழே இருந்தால் அந்தப் பக்கத்தில் பெயரே வராது. பிடித்த உடனேயும் வராது, சில மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும்.

விடிந்ததும் வக்கீலைப் பார்த்துக்கொள்ளலாமா? ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடும்?

நிறைய ஆகும். பிடித்த ஊரிலேயே வைத்திருப்பார்கள் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நியூஜெர்சியில் பிடித்தவரை லூசியானாவுக்கோ டெக்சஸுக்கோ விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். லூசியானாவின் ஜீனா, ஜார்ஜியாவின் லம்கின் மாதிரி சின்ன ஊர்களில் பெரிய தடுப்பு மையங்கள் இருக்கின்றன, நடத்துவது தனியார் கம்பெனிகள், பக்கத்தில் வக்கீல் கிடைப்பது குதிரைக்கொம்பு.

இதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. நம்மூர்ப் பேப்பரில் ஆட்கொணர்வு மனு என்று போடுவார்களே, அதே மனுதான் இங்கேயும் கடைசி ஆயுதம். ஆனால் ஆள் எந்த மாவட்டத்தில் அடைக்கப்பட்டிருக்கிறாரோ அந்த மாவட்டத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான் அதைப் போட வேண்டும். போடும்போது அவர் எங்கே இருந்தார் என்பதுதான் கணக்கு. போட்ட பிறகு வேறு ஊருக்கு மாற்றினாலும் வழக்கு அங்கேயே நிற்கும். 2025 மார்ச் 25 அன்று மாசசூசெட்ஸில் ருமைசா ஓஸ்டுர்க் என்ற துருக்கி மாணவியைத் தெருவில் வைத்துப் பிடித்தார்கள். மாணவர் பத்திரிகையில் ஒரு கட்டுரையை மற்ற சிலரோடு சேர்ந்து எழுதியிருந்தார், அதற்குத்தான். அன்று இரவே வக்கீல் பாஸ்டனில் மனு போட்டுவிட்டார், ஆனால் அதற்குள் அவரைக் காரில் ஏற்றி மாநிலம் தாண்டியிருந்தார்கள், மறுநாள் லூசியானாவில் இருந்தார். மனு போட்ட நேரத்தில் அவர் வெர்மான்ட் வழியில் இருந்ததால் வழக்கு வெர்மான்டுக்குப் போனது, மே 9 அன்று அங்குள்ள நீதிபதி விடுவித்தார். அந்த மனு ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் வழக்கு லூசியானாவில் நடந்திருக்கும், முடிவு வேறாகவும் இருந்திருக்கலாம்.

அதனால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

பணம் இல்லை. அரசாங்கமே வக்கீல் வைத்துக் கொடுக்காதா?

கொடுக்காது. சினிமாவில் போலீஸ் சொல்லும் "வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் நாங்களே தருவோம்" என்ற வசனம் குற்ற வழக்குக்கு. நாடு கடத்தல் சிவில் வழக்கு. வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, ஆனால் அரசுக்குச் செலவில்லாமல் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் அரசு வக்கீல் உட்கார்ந்திருப்பார். மேடையில் இருக்கும் குடியேற்ற நீதிபதியும் நீதித் துறையின் ஊழியர்தான், அதாவது அரசுத் தலைமை வழக்கறிஞருக்குக் கீழே வேலை பார்ப்பவர். நீதிபதி என்ற சொல்லைப் பார்த்து சுதந்திரமான நீதிமன்றம் என்று நினைத்துக்கொள்கிறோம், அப்படி இல்லை.

2007 முதல் 2012 வரை நடந்த 12 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அடைத்து வைக்கப்பட்டவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் வக்கீல் இருந்தது. நியூயார்க்கில் 2013ல் நகர நிதியில், அடைபட்டவர்களுக்கு இலவச வக்கீல் தரும் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். அதை மதிப்பிட்ட வேரா இன்ஸ்டிட்யூட்டின் கணக்குப்படி, வக்கீல் இல்லாமல் ஜெயிப்பவர்கள் 4 சதவீதம், வக்கீல் இருந்தால் 48 சதவீதம். சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றேதான், நடுவில் ஓர் ஆள் நிற்கிறாரா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

இலவசமாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். சிகாகோவில் நேஷனல் இமிகிரண்ட் ஜஸ்டிஸ் சென்டர், டெக்சஸில் ரைசஸ், அரிசோனாவில் ஃபுளோரன்ஸ் புராஜெக்ட், வாஷிங்டன் பக்கம் அமிகா சென்டர். எல்லோரிடமும் வரிசை நீளம். ஒரே இடத்தில் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள், ஆள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எல்லோரையும் கூப்பிடுங்கள். இந்தியக் கடையில் பார்த்த 'இமிகிரேஷன் கன்சல்டன்ட்' ஆளிடம் மட்டும் போகாதீர்கள். இந்த வழக்கில் வாதாட வக்கீலாகவோ நீதித் துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாகவோ இருக்க வேண்டும், படிவம் நிரப்பத் தெரிந்தால் போதாது.

சட்டவிரோதமாக வந்தவருக்கு அரசியல் சாசன உரிமையெல்லாம் உண்டா?

உண்டு. ஐந்தாம் திருத்தத்தில் இருக்கும் சொல் 'குடிமகன்' இல்லை, 'எந்த நபரும்' என்றுதான் இருக்கிறது. 1903ல் ஒரு ஜப்பானியப் பெண்ணின் வழக்கிலேயே, நாட்டுக்குள் வந்துவிட்டவரைக் கேட்காமல் வெளியேற்ற முடியாது என்று சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்டது (அந்தப் பெண் தோற்றார் என்பது வேறு கதை). 2025ல் வெனிசுலாக்காரர்களை 1798ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை வைத்து விமானத்தில் ஏற்றியபோதும், முன்கூட்டி அறிவிப்பும் நீதிமன்றத்துக்குப் போக அவகாசமும் தர வேண்டும் என்றது, 24 மணி நேரம் போதாது என்று அடுத்த மாதமே மறுபடி சொன்னது.

ஆனால் உரிமை இருப்பதும் கைக்கு வருவதும் ஒன்றில்லை. இந்த அமைப்பில் எதையும் தானாக யாரும் எடுத்து நீட்ட மாட்டார்கள். அவரவர் கேட்க வேண்டும், உள்ளே இருப்பவர் கேட்க முடியாததை வெளியே இருக்கும் நீங்கள் கேட்க வேண்டும்.

ஒரு இலங்கைத் தமிழர் வழக்கே சுப்ரீம் கோர்ட் வரை போனதாமே?

ஆமாம், அதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அது நமக்கு எதிராக முடிந்தது. துரைசிங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நீதிமன்ற ஆவணத்தில் இருக்கும் எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் நம் வாயில் நுழையாது. 2017ல் மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 கஜ தூரத்திலேயே பிடிபட்டார். அப்படிப் பிடிபடுபவர்களை நீதிபதி முன் முழு விசாரணை இல்லாமல் திருப்பி அனுப்பும் 'துரித வெளியேற்றம்' என்ற முறை 1996 முதல் இருக்கிறது. ஊருக்குப் போகப் பயம் என்று சொன்னால் மட்டும் ஓர் அதிகாரி நேர்காணல் செய்வார். இவர் சொன்னார், ஆட்கள் கடத்திக்கொண்டுபோய் அடித்தார்கள் என்று. அதிகாரி நம்பினார். யார் அடித்தது, ஏன் என்று கேட்டபோது தெரியாது என்று சொல்லிவிட்டார். முடிந்தது, காரணம் இல்லாத அடி அகதிச் சட்டத்துக்குள் வராது. தமிழர் அரசியலை ஆதரித்ததால் பயம் என்ற விஷயம் பிறகு போட்ட ஆட்கொணர்வு மனுவில்தான் முதல்முறையாக வந்தது. 2020 ஜூனில் சுப்ரீம் கோர்ட் 7க்கு 2 என்று சொன்னது: இப்படி எல்லையிலேயே பிடிபட்டவர், அதிகாரியின் முடிவை ஆட்கொணர்வு மனு வழியாகத் திரும்பப் பார்க்கச் சொல்ல முடியாது.

நான் மொழிபெயர்க்கும் நேர்காணல்களிலும் இதே காட்சி. "ஏன் அடிச்சாங்க?" "தெரியலைங்க." ஏன் என்று நமக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், அதனாலேயே சொல்லத் தோன்றுவதில்லை. அந்த அதிகாரிக்குத் தெரியாது. சாதி, மதம், இனம், கட்சி எதனால் என்று வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும், உண்மையாக இருக்கும் பட்சத்தில்.

ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம். போட்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்களா?

விடுவார்கள், ஊருக்கு. வக்கீல் பார்க்காமல் எதிலும் போட வேண்டாம். 'நானாகவே போகிறேன்' என்பது போல இருக்கும் காகிதங்கள் ஒரே வகை இல்லை. ஒன்றில் வெளியேற்ற உத்தரவு இல்லாமல் போகலாம், இன்னொன்றில் விசாரணை உரிமையை விட்டுக்கொடுத்து உத்தரவையே ஏற்றுக்கொள்கிறீர்கள். துரித வெளியேற்ற உத்தரவு என்றால் 5 வருடம் திரும்ப வர முடியாது, மற்ற உத்தரவுகளில் பெரும்பாலும் 10.

கொடுக்கும் காகிதங்களில் ஒன்றை மட்டும் உடனே படம் எடுத்தோ போனில் வாசித்தோ வக்கீலுக்குச் சேர்க்க வேண்டும். ஐ-862 என்று ஓரத்தில் போட்டிருக்கும், நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ். முதல் பக்கத்தில் மூன்று சின்னக் கட்டங்கள். எல்லையில் வந்து நின்றவர், அனுமதி இல்லாமல் உள்ளே வந்தவர், அனுமதியோடு வந்து பிறகு தங்கும் தகுதி இழந்தவர். எதில் டிக் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜாமீன் கதை முழுக்க அந்தக் கட்டத்தில்தான் தொங்குகிறது.

ஜாமீன் எவ்வளவு ஆகும்?

கிடைத்தால் குறைந்தது 1,500 டாலர், அது சட்டத்திலேயே இருக்கிறது, நடைமுறையில் அதைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். முழுத் தொகையும் கட்ட வேண்டும். கட்டுபவர் சட்டப்படி இங்கே இருப்பவராக இருக்க வேண்டும், ஆகவே ஸ்டேட்டஸ் இல்லாத அண்ணன் போய் நிற்க வேண்டாம். எல்லா விசாரணைக்கும் ஒழுங்காகப் போனால் வழக்கு முடிந்ததும் பணம் திரும்ப வரும்.

கிடைக்குமா என்பதுதான் பெரிய கேள்வி. விசா முடிந்தும் தங்கியவர், மூன்றாவது கட்டக்காரர், நீதிபதியிடம் கேட்கலாம். ஓடிவிட மாட்டார், ஆபத்தானவர் இல்லை என்று காட்ட வேண்டும்: வாடகை ஒப்பந்தம், வரி கட்டிய காகிதம், பிள்ளைகளின் பள்ளிக் கடிதம், கோயிலில் பழகியவர்கள் எழுதிய கடிதம். சில குற்றங்கள் இருந்தால் ஜாமீனே கிடையாது. 2025 ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டம் இன்னும் ஒரு படி போய், அனுமதியின்றி நுழைந்தவர்கள்மேல் கடைத் திருட்டு மாதிரி வழக்குப் பதிவானாலே, தண்டனை வரும் முன்பே, உள்ளேதான் என்று ஆக்கிவிட்டது.

இரண்டாவது கட்டக்காரர்களுக்கு, அதாவது பல வருடம் முன்பு எல்லை தாண்டி வந்து இங்கேயே குடும்பமாகிவிட்டவர்களுக்கு, முன்பெல்லாம் ஜாமீன் கேட்கும் வழி இருந்தது. 2025 செப்டம்பரில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் அவர்களுக்கு அந்த வழியே கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிறகு கூட்டாட்சி மாவட்ட நீதிபதிகள் பலர் அது தப்பு என்று ஆட்கொணர்வு மனுக்களில் விசாரணை நடத்த உத்தரவிட்டார்கள். மேல் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை, எந்த மாநிலத்தில் அடைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். அந்த ராத்திரி விமானம் ஏன் முக்கியம் என்று இப்போது புரியும்.

வெளியேற்ற உத்தரவு வந்தும் அனுப்ப முடியாமல் வைத்திருந்தால், 2001ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன சட்விடாஸ் தீர்ப்பு இருக்கிறது. ஆறு மாதம் தாண்டி, சமீபத்தில் அனுப்பும் வாய்ப்பும் இல்லை என்றால் விடச் சொல்லிக் கேட்கலாம். இந்தியத் தூதரகம் பயணக் காகிதம் கொடுத்துவிட்டால் இது உதவாது.

அவருக்கு ஆங்கிலம் வராது. தமிழில் பேச விடுவார்களா?

விடுவார்கள், கேட்டால். "கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னவர்களால்தான் நான் அதிகம் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ் வேண்டும் என்று சொல்லுங்கள், இலங்கைத் தமிழர் என்றால் அதையும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள், பதிவில் ஏறட்டும்.

ஒரு உதாரணம். "இயக்கத்துக்கு ரெண்டு பவுன் குடுத்தம்" என்கிறார் ஒரு பெரியவர். 1990ல் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு இரண்டு பவுன் என்று புலிகள் வசூலித்ததைச் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் 'குடுத்தம்' என்பதை 'தானமாகத் தந்தோம்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால்? புலிகள் இயக்கம் 1997 முதல் அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பணம் கொடுத்தவர், மிரட்டலுக்குப் பயந்து கொடுத்திருந்தாலும், 'பொருள் உதவி' செய்தவர் ஆகிவிடுவார், அகதி அந்தஸ்து கதவு மூடிவிடும். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர்களுக்கு விலக்கு தரும் வழி 2007ல் வந்தது, ஆனால் அது அரசின் விருப்பம், கட்டாயம் என்பது முதல் நாளிலிருந்தே பதிவில் இருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற அடுத்த வாக்கியத்தையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை, பாதியில் நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

தூதரகத்தைக் கூப்பிடலாமா?

விசா பிரச்சினை மட்டும் என்றால் கூப்பிடலாம், பேச அவருக்கு உரிமை உண்டு. அரசுக்குப் பயந்து அகதியாக வந்தவர் என்றால் வக்கீலைக் கேட்காமல் கூப்பிடவே கூடாது. யாரிடமிருந்து ஓடி வந்தாரோ அவர்களுக்கே விலாசம் கொடுத்த மாதிரி ஆகும்.

கோர்ட்டுக்குப் போனால் வாசலிலேயே பிடிக்கிறார்களாம். போகாமல் இருந்துவிட்டால்?

2025 மே மாதத்திலிருந்து அது நிஜமாகவே நடக்கிறது. அரசு வக்கீலே எழுந்து வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்வார், நல்லது என்று வெளியே வந்தால் நடைபாதையில் ஐஸ் நிற்கும், துரித வெளியேற்றத்தில் போட்டுவிடுவார்கள். ஆனால் போகாவிட்டால் ஆள் இல்லாமலேயே அன்றைக்கே வெளியேற்ற உத்தரவு வந்துவிடும், அதை மாற்றுவது அதைவிடக் கஷ்டம். வீடியோ வழியே ஆஜராக முன்கூட்டியே மனு போடச் சொல்லுங்கள். தள்ளுபடிக்குச் சம்மதமா என்று கேட்டால் உடனே தலையாட்டாமல் அவகாசம் கேளுங்கள். அடுத்த தேதி என்ன என்று 1-800-898-7180 என்ற நீதிமன்றத் தானியங்கி எண்ணில் ஏ நம்பரை அடித்துப் பார்க்கலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் பதில் சொல்லும்.

வீட்டுக் கதவைத் தட்டினால்?

திறக்காமல் காகிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லுங்கள். நீதிமன்ற நீதிபதி கையெழுத்துப் போட்ட வாரண்ட்டா, ஐஸ் அதிகாரியே கையெழுத்துப் போட்டதா என்று பாருங்கள். ஐ-200 என்றால் இரண்டாவது வகை, உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் வர அது போதாது. மல்லுக்கட்ட வேண்டாம், ஓட வேண்டாம், பொய் ஆவணம் காட்ட வேண்டாம்.

நான் ஹெச்-1பி, தம்பி கிரீன் கார்டு. இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

2025 வசந்தத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் குடியேற்றப் பதிவை ஒரே வீச்சில் ரத்து செய்தார்களே, பலருக்கு என்றைக்கோ கைவிடப்பட்ட சின்ன வழக்குதான் காரணம். வழக்குமேல் வழக்காக வந்த பிறகு ஏப்ரல் கடைசியில் திருப்பிக் கொடுத்தார்கள். கிரீன் கார்டுக்காரர் சின்னத் திருட்டு வழக்கில் அபராதத்தோடு முடியட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொள்வார், பிறகு அதுவே நாடு கடத்தலுக்குக் காரணமாகிவிடலாம். இந்த விளைவைக் குற்ற வழக்கு வக்கீல் முன்பே சொல்லியாக வேண்டும் என்று 2010ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அவர் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

தவறாக அனுப்பிவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியுமா?

அபூர்வம். எல் சால்வடார்காரர் ஆப்ரெகோ கார்சியாவை அந்த நாட்டுக்கு மட்டும் அனுப்பக் கூடாது என்று 2019லேயே நீதிபதி உத்தரவு இருந்தது, 2025 மார்ச்சில் அங்கேயே அனுப்பினார்கள், பிசகு நடந்துவிட்டது என்று அரசே ஒப்புக்கொண்டது. சுப்ரீம் கோர்ட் சொல்லியும் அவர் திரும்ப ஜூன் ஆகிவிட்டது, வந்ததும் குற்ற வழக்கு ஒன்று காத்திருந்தது. அவருக்கு நாடே கவனித்த வழக்கு, நல்ல வக்கீல்கள். மற்றவர்களுக்கு விமானம் ஏறும் முன் தடையுத்தரவு வாங்குவதுதான் வழி.

நாங்கள் ஊரில் இருக்கிறோம். இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

காகிதம் சேர்க்கலாம், அது வக்கீலால் முடியாத வேலை. பிறப்புச் சான்றிதழ், எஃப்ஐஆர் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, கிராம சேவகர் அல்லது விஏஓ கடிதம், நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் எழுதிக்கொடுத்த வாக்குமூலம். தமிழில் இருப்பது எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அடியில் 'எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு' என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கதையைக் கேட்டு அதற்குத் தோதாகக் கடிதம் வாங்கி அனுப்பாதீர்கள், ஒரே ஆள் சொல்லி நாலு பேர் எழுதியது படித்தால் தெரிந்துவிடும்.

தேதிகளை மாதத்தின் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். ஒரு வழக்கில் ஆஸ்பத்திரிச் சீட்டில் 03/04 என்று இருந்தது, நம் கணக்கில் ஏப்ரல் 3, அமெரிக்கக் கணக்கில் மார்ச் 4. அவர் ஏப்ரல் என்று சாட்சி சொல்லியிருந்தார். வழக்கின் மையத்தோடு சம்பந்தமில்லாத சின்ன முரணைக்கூட வைத்து ஒருவரை நம்பவில்லை என்று சொல்ல 2005ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதிக்கு இடம் கொடுக்கிறது. அந்த ஒரு சாய்கோட்டை விளக்கவே அன்றைய விசாரணையில் முக்கால் மணி நேரம் போனது.